நடந்த தூரமும் அடைந்த தூரமும்: 1827-இல் பாரி நடத்திய கடற்பனிப் பயணம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வடதுருவத்தில் இருப்பது நிலம் அல்ல, கடல். அந்தக் கடலின்மேல் மிதக்கும் பனியில் ஒரு குழுவை நடத்திச் செல்கிறவருக்குக் குளிர், பனிக்கரடி, பனி வெடித்துத் திறக்கும் நீர்ப்பிளவு ஆகிய இடர்கள் உண்டு என்பதைப் பலரும் அறிவார்கள். அவற்றுக்கு நிகரான இன்னொரு இடரைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குழு நடக்கும் தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அது. வடக்கு நோக்கி ஒரு நாள் முழுவதும் இழுத்து நடந்தவர்கள், பனி தெற்கே நகர்ந்ததால், காலையில் புறப்பட்ட இடத்துக்கும் தெற்கே நின்றுகொண்டிருக்கக்கூடும். அந்நிலையில் தலைவரின் கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று நடந்த தூரம், மற்றொன்று அடைந்த தூரம். இரண்டாவது எண்ணை அவர் யாரிடம், எப்போது, எப்படிச் சொல்கிறார் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து டிராகென்ஸ்பெர்க் மலைக்கு இளையோரை அழைத்துச் செல்லும் எங்கள் நடைக்குழுவில், குழுத் தலைவர்களாகப் பொறுப்பேற்க இருப்பவர்களுக்காக இதை எழுதினேன். எங்கள் மலையில் குளிர்காலத்தில் பனி விழும், அதிலும் சானி கணவாய்க்கு மேலே கடுமையாக விழும். ஆனால் அந்தப் பனி பாறைமேல் கிடப்பது, நகராது. அப்படியிருக்க, துருவக் கடலில் நடந்த ஒரு பயணத்தை ஏன் படிக்கவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தலைவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு கெட்ட செய்தி எந்தப் பயணத்திலும் வரலாம். அது வரும்போது தலைவர் என்ன செய்கிறார் என்பது கடற்பனியில் தெளிவாகப் புலப்படுவதுபோல வேறெங்கும் புலப்படுவதில்லை, ஏனெனில் அங்கே அந்தச் செய்தி நாள்தோறும் எண்ணாகவே வந்து நிற்கிறது.

பயணத்தின் அமைப்பு

வில்லியம் எட்வர்ட் பாரி பிரித்தானியக் கடற்படை அதிகாரி. வடமேற்குக் கடல்வழியைத் தேடிய பயணங்களால் முன்னரே புகழ்பெற்றவர். 1827-இல் ஹெக்லா என்ற கப்பலில், நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடகரைக்குச் சென்று, கப்பலை ஒரு விரிகுடாவில் நிறுத்திவிட்டு, ஜூன் 21 அன்று இரண்டு படகுகளுடன் துருவம் நோக்கிப் புறப்பட்டார். படகுகளின் பெயர்கள் எண்டர்பிரைஸ், எண்டெவர். ஒவ்வொன்றுக்கும் 14 பேர், ஆகக் குழுவில் 28 பேர். இரண்டாவது படகுக்குப் பொறுப்பாளர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், பின்னாளில் தென்துருவப் பகுதியில் ராஸ் கடலுக்குப் பெயர் தந்தவர். திறந்த நீரில் படகைச் செலுத்துவது, பனி வந்ததும் அதையே சறுக்குவண்டியாக்கி இழுத்துச் செல்வது என்பது திட்டம். அதற்கு முன் வடக்கே சென்றுவந்தவர்கள் பனி சமவெளிபோல் விரிந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பியே திட்டம் தீட்டப்பட்டது.

படகு, உணவு, உடை, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஓர் ஆளின் பங்குக்கு 268 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 120 கிலோ எடை வந்தது. இழுப்பதற்கென்று கொண்டுபோன கலைமான்கள் அந்தப் பனியில் பயன்படா என்று தெரிந்ததும் அவற்றை விட்டுவிட்டார்கள். படகுக்குப் பொருத்தவிருந்த சக்கரங்களுக்கும் அதே கதி. ஆனால் லாப்லாந்து மக்கள் காலில் கட்டிச் சறுக்கும் நீண்ட பலகைகள் அவர்களிடம் இருந்தன. அவற்றைச் சேர்த்துக் கட்டி நான்கு சிறு சறுக்குவண்டிகள் செய்தார்கள், அவை கடைசிவரை உழைத்தன. ஸ்கீ என்பதை இழுவண்டியாக்கினார்களே தவிர, அதில் ஏறி நடக்க அவர்களுக்குப் பழக்கமில்லை. வடதுருவக் கடற்பனியில் ஸ்கீயின் முழு மதிப்பைக் காட்டியவர்கள் பின்னர் வந்த நார்வேக்காரர்கள்.

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 அவுன்சு பிஸ்கட், 9 அவுன்சு பெமிக்கன், ஓர் அவுன்சு இனிப்புக் கோகோத் தூள், சிறிதளவு ரம். பெமிக்கன் என்பது உலர்ந்த இறைச்சியைப் பொடித்துக் கொழுப்பில் குழைத்தது. இன்று கடற்பனியில் ஸ்கீயில் செல்பவர்கள் நாளொன்றுக்கு 5,000 முதல் 6,000 கலோரிவரை உண்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் பாரியின் ஆட்கள் ஏறக்குறைய பாதி உணவில் உழைத்தார்கள். எடுத்துச் சென்றது 71 நாள் உணவு.

அன்றாட ஒழுங்கு என்ற வகையில் பாரியிடம் குறைசொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துருவக் கோடையில் சூரியன் மறைவதில்லை. ஆகையால் சூரியன் தாழ்ந்திருக்கும் இரவு நேரத்தில் நடந்து, பகலில் தூங்கினார்கள். பனி அப்போது சற்று இறுகியிருக்கும், கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் குறையும், உறக்கம் வெதுவெதுப்பான வேளையில் வாய்க்கும். புறப்படும்போது முந்தைய நாளின் ஈரக் காலுறையையும் காலணியையுமே மீண்டும் அணிந்தார்கள், உலர்ந்தவை தூங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டன. காலையில் எழுந்ததும் ஈரக் காலுறைக்குள் காலை நுழைப்பது எவ்வளவு கொடுமை என்பதை மழையில் நனைந்து மலையில் கூடாரம் போட்டவர்கள் அறிவார்கள். ஆயினும் உலர்ந்த காலுறையை அப்போதே போட்டுவிட்டால் அடுத்த இரவுக்கு எதுவும் மிஞ்சாது. துருவப் பயணக் குழுக்கள் இன்றும் இதையே கடைப்பிடிக்கின்றன. எழுப்புவதற்கு ஊதுகொம்பு, தொடங்குமுன் வழிபாடு, நடுவில் ஒரு மணி நேர உணவு இடைவேளை, முடிவில் புகைக்குழாயோடு சிறிது நேரப் பேச்சு, கரடிக்கும் பனி உடைவதற்கும் முறைவைத்துக் காவல் என ஒவ்வொரு நாளும் ஒரே அச்சில் ஓடியது.

பனியின் நிலை

அவர்கள் பனிமேல் ஏறியது வட அட்சரேகை 81 பாகையைச் சற்றுத் தாண்டிய இடத்தில். சமவெளி எதுவும் இல்லை. சிறு சிறு பனித்தட்டுகள், அவற்றுக்கிடையே நீர், தட்டுகள் மோதி நொறுங்கி எழுந்த மேடுகள், மேலே முழங்கால் புதையும் நனைந்த பனி. ஒரு தட்டின் குறுக்கே படகை இழுத்து, நீரில் இறக்கி, சாமான்களை ஏற்றி, சிறிது தூரம் துடுப்பு வலித்து, மறுபடி இறக்கி, மறுபடி மேலேற்றி என்று இப்படியே போயிற்று. எல்லாச் சுமையையும் ஒரே நடையில் இழுக்க முடியாததால் பெரும்பாலான தூரத்தை மூன்று முறையும் சில இடங்களில் ஐந்து முறையும் கடக்கவேண்டியிருந்தது. மழை வேறு. அதற்கு முந்தைய ஏழு கோடைகளில் அவர் கண்ட மொத்த மழையைவிட அந்த ஒரே கோடையில் அதிகம் பெய்ததாகப் பாரி பதிவுசெய்திருக்கிறார்.

இங்கே பருவத் தேர்வைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஜூன், ஜூலை மாதங்கள் உடலுக்கு இதமானவை, பனிக்கு மிக மோசமானவை. இன்று துருவத்துக்கு ஸ்கீயில் செல்பவர்கள் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ, குளிர் உறைநிலைக்கு 40 பாகை கீழே இருக்கும்போதே புறப்படுகிறார்கள். அந்தக் குளிரில்தான் நீர்ப்பிளவுகள் விரைவில் உறைந்து பாலமாகின்றன. இத்தகைய பயண அனுபவம் 1827-இல் இன்னும் சேர்ந்திருக்கவில்லை. எனவே பருவத்தை வைத்துப் பாரியைக் குற்றம் சொல்வது முறையாகாது.

நகர்வு

கடற்பனியை நகர்த்துவதில் காற்றுக்குத்தான் முதலிடம். தடையின்றி மிதக்கும் பனி, காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 2 விழுக்காடு வேகத்தில் நகரும். புவியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் காற்றுத் திசைக்கு வலப்பக்கமாகவும், நம் பக்கத்துத் தென்கடலில் இடப்பக்கமாகவும் அது விலகிச் செல்லும். நொடிக்கு 10 மீட்டர் காற்று ஒரு நாள் முழுவதும் வீசினால் பனி நொடிக்கு 20 சென்டிமீட்டர் வீதம் நாளொன்றுக்கு 17 கிலோமீட்டர்வரை போய்விடும். நல்ல பனியில் தேர்ந்த ஸ்கீக்குழு ஒன்று ஒரு நாளில் கடக்கும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது, குழுவின் முழு நாள் உழைப்பை ஒரே நாள் எதிர்க்காற்று விழுங்கிவிடக்கூடும். நடக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. சுற்றிலும் உள்ள பனி முழுவதும் சேர்ந்து நகர்வதால், அசைவை ஒப்பிட்டுப் பார்க்க அசையாத பொருள் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

பாரிக்கு இதைக் காட்டியது சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகை கணிக்கும் முறை ஒன்றே. ஜூலை 20 அன்று கணித்தபோது, 17-ஆம் தேதி நண்பகல் நின்ற இடத்திலிருந்து 5 கடல் மைல்கூட வடக்கே வரவில்லை என்று தெரிந்தது. அந்த இடைவெளியில் அவர்கள் வடக்கு நோக்கி நடந்தது 12 மைல். ஜூலை 23 அன்று 82 பாகை 45 கலையை (ஒரு பாகைக்கு 60 கலை) எட்டினார்கள். அதுவே அவர்களின் எல்லை. ஜூலை 26 நண்பகல் சூரியன் மீண்டும் தெரிந்தபோது அளந்தார்கள். 22-ஆம் தேதி நள்ளிரவு அளவைக்குப் பின் 10, 11 மைல் வடக்கே நடந்திருந்தும், அந்த இடத்துக்கு 3 மைலுக்கு மேல் தெற்கே நின்றார்கள். பனி அவர்களைப் பின்னுக்குக் கொண்டுபோன தூரம் 13½ மைல்.

அன்று 35 நாள் கழிந்திருந்தது, 71 நாள் உணவில் பாதி தீர்ந்திருந்தது. பாரி திரும்ப முடிவுசெய்தார். கப்பலிலிருந்து நேர்க்கோட்டில் அவர்கள் சென்றிருந்தது 172 கடல் மைல். அதற்காக அவர்கள் கடந்த வழி, பனியில் ஏறுமுன் நீரில் சென்ற நூறு மைலைச் சேர்த்து, 292 மைல். திரும்பத் திரும்ப நடந்த நடையையும் கூட்டினால் 580 கடல் மைல் என்பது பாரியே மிகக் குறைத்துப் போட்ட கணக்கு. கப்பலிலிருந்து நேராகத் துருவத்துக்குப் போக ஏறக்குறைய அவ்வளவு தூரமே தேவை. ஆகஸ்ட் 21 அன்று, புறப்பட்ட 61-ஆம் நாள், அவர்கள் கப்பலுக்குத் திரும்பினார்கள்.

சொல்லாமல் வைத்த எண்

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். பின்னகர்வு தெரியவந்த நாள்முதல் பாரி அதை அதிகாரிகளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார், படகிழுத்த மாலுமிகளுக்குச் சொல்லவில்லை. இதை அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். படகுக்கு இரண்டு அதிகாரிகள் என நான்கு பேருக்குத் தெரியும், மற்ற 24 பேருக்குத் தெரியாது. 83 பாகையை எட்டினால் அரசு வழங்கும் 1,000 பவுண்டு பரிசு காத்திருந்தது. அந்த 83-ஐ எட்ட ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று மாலுமிகள் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

பாரியின் பக்கம் நின்று பார்த்தால் காரணங்கள் இல்லாமலில்லை. நகர்வு ஒரே சீராக இருப்பதல்ல. காற்றுத் திரும்பினால் பனியும் திரும்பும், இன்று இழந்ததை நாளை தானாகவே பெறலாம். ஒரு நாளின் கெட்ட எண்ணைச் சொல்லி 24 பேரின் கைகளைத் தளரவிடுவதைவிட, இரண்டு மூன்று அளவைகள் ஒத்துவரும்வரை பொறுத்திருப்பது அறிவுடைமை என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆட்களின் உடல்நிலையும் அவர் கண்முன் இருந்தது. அரை உணவில், ஈர உடையில் உழைப்பவர்களை எழவைப்பது முன்னேறுகிறோம் என்ற நம்பிக்கை மட்டுமே. மேலும், திரும்புவதென்று முடிவானதும் அவர் உண்மையை எல்லோருக்கும் சொன்னார், ஒரு முழு நாள் ஓய்வும் தந்தார். அதற்குமேல் ஒளித்துவைத்திருந்தால் திரும்பும் பயணத்தில் குழு உடைந்திருக்கும்.

ஆனாலும் ஜூலை 20-க்கும் 26-க்கும் இடைப்பட்ட நாட்களை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அந்நாட்களில் மாலுமிகள் தங்கள் உடலைச் செலவிட்டார்கள். எதற்காகச் செலவிடுகிறோம் என்று அறியும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதைவிட முக்கியமாக, மறைத்ததால் தலைவர் இழந்தது ஒன்றுண்டு. 24 பேரின் கண்களும் அனுபவமும் நகர்வைப் பற்றி யோசிக்கவே இல்லை. கிரீன்லாந்துக் கடலில் திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள் அக்காலக் கப்பல்களில் குறைவில்லை, பனி நகரும் விதம் அவர்களுக்குக் கைவந்த பாடம். நான்கு பேர் மட்டும் அறிந்த ஒன்றைப் பற்றி நான்கு பேர் மட்டுமே ஆலோசனை சொல்ல முடியும்.

இதே சோதனை 54 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கரான ஜார்ஜ் டி லாங்குக்கு வந்தது. 1881 ஜூன் 13 அன்று அவருடைய ஜெனெட் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கியது. 33 பேர் மூன்று படகுகளை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் அட்சரேகையைக் கணித்தபோது, புறப்பட்ட இடத்துக்கு வடமேற்கே ஏறக்குறைய 28 மைல் தள்ளி நிற்பது தெரிந்தது. டி லாங்கும் அதை மிகச் சிலருக்கு மட்டுமே சொன்னார். பாரியின் நிலையோடு இதை ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு உண்டு. பாரி திரும்ப விரும்பினால் நகர்வு அவருக்கு உதவும், டி லாங்குக்கோ திரும்பிப்போக இடமே இல்லை. அதனால் அவர் செய்தது, நகர்வை எதிர்த்து நேரே தெற்கே நடப்பதை விட்டு, அதன் குறுக்கே தென்மேற்காகத் திசையை மாற்றியது. அந்த மாற்றம்தான் அவர்களைத் திறந்த நீர்வரை கொண்டு சேர்த்தது. பிற்பாடு புயலில் படகுகள் பிரிந்ததும், 20 பேர் இறந்து 13 பேர் மட்டுமே தப்பியதும் வேறு காரணங்களால் நேர்ந்தவை. திசை மாற்றிய முடிவைத் தனியாக எடுத்துப் பார்த்தால், கடற்பனியில் எடுக்கப்பட்ட மிகத் தெளிவான முடிவுகளில் ஒன்று அது என்றே சொல்வேன்.

ஜெனெட்டின் சிதைவுப் பொருட்கள் மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அதிலிருந்துதான் பனி சைபீரியப் பக்கத்திலிருந்து துருவத்தை ஒட்டி அட்லாண்டிக் பக்கம் ஓடுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சன் அந்த ஓட்டத்திலேயே ஃபிராம் கப்பலை உறையவிட்டார், அது 1893 முதல் 1896 வரை மிதந்தது. 1895 மார்ச்சில் அவரும் ஜோஹான்சனும் கப்பலை விட்டு ஸ்கீயிலும் நாய்வண்டியிலும் வடக்கே சென்று 86 பாகை 14 கலையில் திரும்பினார்கள். இருவர் மட்டுமே கொண்ட குழு என்பதால் எண்ணை மறைக்க அங்கே இடமே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்குத் தென்துருவப் பயணி ஷேக்கிள்டனின் பெயர் இப்போது நெருக்கமாகிவிட்டது. அவருடைய எண்டுரன்ஸ் கப்பல் 2022 மார்ச் 5 அன்று வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது, தேடிச் சென்றது கேப் டவுனிலிருந்து புறப்பட்ட நம் நாட்டின் எஸ்.ஏ. அகுலாஸ் 2 கப்பல். 1915 டிசம்பர் 23 அன்று ஷேக்கிள்டன் தம் ஆட்களைப் படகிழுக்கவைத்து மேற்கே நடத்தினார். நான்கு நாளில் தச்சர் மெக்னிஷ் இனி இழுக்கமாட்டேன் என்று நின்றார். கப்பல் மூழ்கியபின் ஒப்பந்தம் செல்லாது என்பது அவர் வாதம். ஷேக்கிள்டன் எல்லோரையும் கூட்டி ஒப்பந்தத்தை உரக்கப் படித்துக் காட்டினார், கரை சேரும்வரை சம்பளமும் உண்டு, கட்டளையும் உண்டு என்றார். ஆனால் ஒரு வாரத்துக்குள் நடையையும் நிறுத்திவிட்டு, பனி வடக்கே கொண்டுபோகட்டும் என்று முகாமிட்டார். அங்கே நகர்வு அவருக்குத் துணையாக இருந்தது. மெக்னிஷின் மறுப்பை ஒழுங்குமீறலாக மட்டும் படிப்பது எனக்கு ஒப்பவில்லை. நாள் முழுவதும் இழுத்தும் கொஞ்சமே போகிறோம் என்பதைத் தோளில் வார் அழுத்தியவர் சொன்ன முதல் குரல் அது. அவர் சொன்ன முறை தவறு, சொன்ன செய்தி சரி.

இன்றைய ஸ்கீக்குழுக்கள்

1979-இல் திமித்ரி ஷ்பாரோ தலைமையில் ஏழு சோவியத் வீரர்கள் சைபீரியாவுக்கு வடக்கேயுள்ள ஹென்ரியெட்டா தீவிலிருந்து ஸ்கீயில் புறப்பட்டு மே 31 அன்று வடதுருவத்தை அடைந்தார்கள். 1988-இல் அவரே ஒன்பது சோவியத் வீரர்களும் நான்கு கனடா நாட்டவரும் கொண்ட 13 பேரைச் சைபீரியப் பக்கத்திலிருந்து துருவம் வழியாகக் கனடாவுக்கு நடத்திச் சென்றார். சைபீரியப் பக்கத்திலிருந்து புறப்பட்டால் பனியோட்டம் பெரும்பாலும் முதுகைத் தள்ளும், கனடாப் பக்கத்திலிருந்து புறப்பட்டால் மார்பில் மோதும். புறப்படும் கரையைத் தேர்வதே தலைவரின் முதல் பெரிய முடிவு என்று சொல்லப்படுவதற்கு இதுதான் காரணம்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த மைக் ஹார்னும் நார்வேயின் போர்கே ஔஸ்லாந்தும் 2006-இல் துருவ இருளிலேயே நடந்து மார்ச் 23 அன்று வடதுருவத்தை எட்டினார்கள். 2019 இலையுதிர்காலத்தில் அவர்கள் இருவரும் வடதுருவக் கடலைக் குறுக்கே கடந்தபோது, பனி மெலிந்தும் வேகமாக நகர்ந்தும் கிடந்ததால் கணக்கிட்டதைவிட நாள் கூடி உணவு தீரும் நிலை வந்தது. அவர்களை ஏற்றிக்கொள்ள வந்த லான்ஸ் கப்பலிலிருந்து இருவர் உணவுடன் பனியில் எதிர்கொண்டு வந்து அவர்களைச் சேர்ந்தார்கள். டிசம்பரில் அவர்கள் கப்பலேறினார்கள்.

இன்று ஜி.பி.எஸ். கருவி கூடாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். இரவு படுக்குமுன் ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை இடத்தைக் குறித்தால் தூக்கத்தில் எவ்வளவு போயிற்று என்பது மீட்டர்க் கணக்கில் தெரியும். பாரி ஒளித்ததை இன்று எவராலும் ஒளிக்க முடியாது. அதனால் தலைவரின் வேலை எளிதாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. எல்லோருக்கும் எண் தெரிகிறது, அதன் பொருளை ஆளுக்கொரு விதமாகக் கொள்கிறார்கள். ஒருவர் உறங்காமல் கருவியையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வேகமாக நடந்து வியர்ப்பார். கடுங்குளிரில் வியர்ப்பது பெரிய ஆபத்து, ஈரமான உள்ளுடை நின்ற மாத்திரத்தில் உறையத் தொடங்கும். எண்ணைப் பகிர்வதோடு பொருளையும் பகிரவேண்டியிருக்கிறது.

கடற்கரையில் ஒரு பயிற்சி

இதை மனத்தில் வைத்து உம்ஷ்லாங்காக் கடற்கரையில் ஒரு பயிற்சி நடத்தினோம். துருவப் பயணம் போகிறவர்கள் பழைய டயரை இடுப்பு வாரில் கட்டி மணலில் இழுத்துப் பழகுவது வழக்கம். நாங்களும் இரண்டு அணிகளாகப் பிரிந்து டயர் இழுத்தோம். தூண்டில் கழியில் மஞ்சள் துணி கட்டி முடிவிடமாக நட்டிருந்தோம். ஒவ்வோர் ஓய்வின்போதும் கழி சற்றுத் தள்ளி நடப்பட்டது. ஓர் அணிக்கு அதை முன்பே சொல்லியிருந்தோம், மற்றதற்குச் சொல்லவில்லை. சொல்லப்படாத அணியிலிருந்த ஒரு தங்கை அடிகளை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். மூன்றாவது ஓய்வில் வாரை அவிழ்த்து மணலில் போட்டுவிட்டு, “அண்ணே, கம்பம் நடக்குது, நீங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்க” என்றாள். தூரம் கூடியதற்காக அவள் கோபிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

எங்களோடு வந்திருந்த முதியவர் ஒருவர், டர்பன் துறைமுகத்தில் வலையிழுத்த தமிழ் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சால்ஸ்பரி தீவிலும் ஃபின்லாண்ட்ஸ் பக்கத்திலும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் தலைமுறையாகக் கரைவலை இழுத்துப் பிழைத்தார்கள். அகுலாஸ் நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டித் தென்மேற்கே ஓடுவது. தாத்தாவிடம் ஒருவன், படகு அடித்துக்கொண்டு போவது எப்படித் தெரியும் என்று கேட்டான். அவர் உம்ஷ்லாங்காவின் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தையும் அதன் பின்னால் தெரிந்த ஒரு கட்டடத்தையும் கையால் காட்டினார். “ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்குதா பாரு கண்ணு. விலகுச்சின்னா நீ போயிட்டிருக்கேன்னு அர்த்தம். துடுப்பு எவ்ளோ போட்டேன்னு கணக்கு வச்சி புண்ணியமில்ல. அத முன்னால இருக்கிறவன் பாக்க முடியாது, பின்னால திரும்பி உக்காந்து துடுப்பு போடறவனுக்குத்தான் கரை தெரியும், அவன்தான் சொல்லணும்” என்றார். படகில் நகர்வை முதலில் காண்பவர் தலைவர் அல்ல, துடுப்பு வலிப்பவர். பாரியின் குழுவில் இது தலைகீழாக இருந்தது. இழுத்தவர்களுக்குக் கரை இல்லை, அளவைக் கருவி அதிகாரிகள் கையில் இருந்தது.

குழு ஏற்றுக்கொண்ட நடைமுறை

இந்த ஆய்வைப் படித்து விவாதித்தபின், நாள்பதிவேட்டில் நடந்த தூரத்துக்கும் அடைந்த தூரத்துக்கும் தனித்தனிப் பத்திகள் இட்டோம். மலையில் பனி நகராது என்றாலும் தவறான பாதையில் போய்த் திரும்பிய நேரம், வெள்ளத்துக்குக் காத்திருந்த நேரம் எல்லாம் இரண்டாவது பத்தியைக் குறைக்கும். இரண்டையும் எழுதுபவர் தலைவர் அல்ல, அந்தந்த நாளின் கடைசி ஆள். திரும்பும் புள்ளியைப் புறப்படுமுன்பே எல்லோர் முன்னிலையிலும் முடிவுசெய்கிறோம். உணவு பாதியாகும் நாளில் அடைந்த தூரம் பாதிக்குக் குறைவாக இருந்தால் திரும்புவது என்பது அது. பாரி ஜூலை 26 அன்று தனியாகச் சுமந்த முடிவை எங்கள் குழு வீட்டிலிருந்தே சேர்ந்து சுமந்து புறப்படுகிறது.

எண்ணை எப்போது படிப்பது என்பதில் ஒருமித்த கருத்து வரவில்லை. சூடான உணவுக்குப் பின் இரவில் படிக்கவேண்டும் என்பது என் எண்ணம், பாரியின் ஆட்கள் புகைக்குழாயோடு பேசிய வேளை போன்ற ஒன்று அதற்கு ஏற்றது என்று நினைத்தேன். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் அக்கா ஒருவர் அதை மறுத்தார். களைத்தவரிடம் படுக்கும் நேரத்தில் கெட்ட செய்தி சொன்னால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் காலில் கவனம் போகும், இரவில் எவரும் அந்த எண்ணைக் கொண்டு எதையும் செய்யப்போவதில்லை என்றார். காலையில் வாரைக் கட்டுமுன், திசையை மாற்றவும் சுமையைக் குறைக்கவும் வாய்ப்பிருக்கும் நேரத்தில் படிக்கவேண்டும் என்பது அவர் வாதம். கேட்பவர் எவருக்கும் எந்நேரமும் பதிவேட்டைத் திறந்து காட்டவேண்டும் என்ற நிபந்தனையுடன் காலை நேரத்தையே ஏற்றுக்கொண்டோம். அடுத்த குளிர்கால நடையில் அதன்படி நடக்கிறோம்.